டிவி விவாதம் போதும் என்று தோன்றிவிட்டதா? செய்தியை ஆழமாகப் பின்தொடர ஒரு மாதப் பயிற்சி

ஒரு போரைப் பற்றிய தொலைக்காட்சி விவாதத்தை ஒருநாள் இரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் அக்கா மகன் கேட்டான்: “மாமா, அந்த ரெண்டு நாடும் எதுக்குச் சண்டை போடுது?” இரண்டு வாக்கியத்துக்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. யார் யாரைப் பார்த்துக் கத்தினார், நெறியாளர் எப்போது மேசையைத் தட்டினார் என்பதெல்லாம் நினைவிருந்தது. தகராறு எங்கே தொடங்கியது, முந்தைய ஒப்பந்தம் ஏன் முறிந்தது என்பது தெரியவில்லை. அந்த நிகழ்ச்சியைப் பார்க்காதவரைவிட என்னிடம் கூடுதலாக இருந்தது ஒன்றுதான்: எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு.

அந்த நினைப்பைத்தான் நான் அஞ்சுகிறேன். தனக்குத் தெரியாது என்று உணர்ந்தவர் தேடிப் போவார். தெரியும் என்று நம்புகிறவர் எங்கும் போக மாட்டார். ஆகவே நான் செய்து பார்த்து, இன்றும் கைவிடாமல் வைத்திருக்கும் வழியை இங்கே எழுதுகிறேன். இதுவரை டிவியைத் தவிர வேறெதையும் நாடாதவரும் இதைச் செய்யலாம். ஒரு நோட்டு, ஒரு செல்பேசி, நாளுக்கு அரை மணி நேரம் இருந்தால் போதும்.

படி 1: மூன்று நாள் கணக்கெடுங்கள்

முதல் மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல டிவி பாருங்கள். ஒவ்வொரு செய்தி முடிந்ததும் நோட்டில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். என்ன நடந்தது? ஏன் நடந்தது? இதைச் சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும்? பதில் வராத இடத்தைக் காலியாக விடுங்கள்.

முதல் கேள்விக்கு எளிதாக எழுதிவிடுவீர்கள். மற்ற இரண்டும் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அது உங்கள் கவனக்குறைவால் அல்ல. ஆங்கிலத்தில் செய்தி வாசிப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் வாசிப்பார். அரை மணி நேரச் செய்தியில் விளம்பரம் போக 22 நிமிடம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 3,300 சொற்கள். அதற்குள் பதினைந்து செய்தி சொல்ல வேண்டும் என்றால் ஒன்றுக்கு 220 சொற்கள்தான். ‘ஏன்’ என்பதற்கு அதில் இடமே கிடையாது.

பேசுபவருக்குக் கிடைக்கும் நேரமும் சுருங்கிவிட்டது. அமெரிக்க அதிபர் தேர்தல் செய்திகளை ஆராய்ந்த டேனியல் ஹாலின் என்ற பேராசிரியர், வேட்பாளர் இடைவெட்டு இல்லாமல் பேசுவதைக் காட்டிய சராசரி நேரம் 1968-ல் 43 நொடியாக இருந்து 1988-ல் 9 நொடியாகக் குறைந்ததைக் கணக்கிட்டுச் சொன்னார். ஒன்பது நொடியில் ஒருவரைத் திட்டலாம், ஒரு கோஷம் போடலாம். ஒரு வாதத்தை முன்வைக்க முடியாது.

1980 ஜூன் மாதம் சிஎன்என் தொடங்கி, நாள் முழுக்கச் செய்தி என்ற முறை வந்தது. நேரம் கூடியதால் ஆழமும் கூடியிருக்க வேண்டும். ஆனால் நிருபரைக் களத்துக்கு அனுப்பி வாரக்கணக்கில் விசாரிக்க வைப்பதைவிட, நாலு பேரை ஸ்டூடியோவில் உட்கார வைத்து மோத விடுவதற்குச் செலவு மிகக் குறைவு. கூடுதல் நேரத்தின் பெரும்பகுதியை இன்று விவாதங்கள் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

படி 2: ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் இந்தப் படியில்தான் தடுமாறுகிறார்கள். டிவியை அணைத்த கையோடு பத்து இணையதளம், இருபது யூடியூப் சேனல் என்று சேர்த்துக்கொண்டு, இரண்டே வாரத்தில் களைத்துப்போய்ப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு மாதத்துக்கு ஒரு பொருள். தண்ணீர், வேலைவாய்ப்பு, ஒரு குறிப்பிட்ட போர், ஒரு நோய், செயற்கை நுண்ணறிவு என எதுவாகவும் இருக்கலாம். உங்களுக்கு உண்மையாகவே கவலை தருவதாக இருக்கட்டும்.

மற்ற செய்திகளின் தலைப்புகளை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். அதற்கு மேல் தெரியாமல் இருப்பதில் குற்றவுணர்வு வேண்டாம்.

படி 3: தலைப்புகளுக்குச் செய்தி முகமைகள்

அந்த ஐந்து நிமிடத்தைச் செய்தி முகமைகளிடம் கொடுங்கள். அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) 1846-லும் ராய்ட்டர்ஸ் 1851-லும் தொடங்கப்பட்டவை. நீங்கள் பார்க்கும் சேனல்களுக்கும் படிக்கும் நாளிதழ்களுக்கும் உலகச் செய்தியில் பெரும்பகுதியைத் தருபவை இவற்றைப் போன்ற முகமைகளே. ஒரே செய்தியைப் பல கட்சிச் சார்புள்ள பத்திரிகைகளுக்கும் விற்க வேண்டியிருப்பதால், அடைமொழியும் ஆவேசமும் இல்லாமல் எழுதுவது இவற்றின் தொழில் வழக்கம்.

படிக்கும்போது ‘தெரிவித்தார்’, ‘ஆவணம் கூறுகிறது’, ‘பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி’ போன்ற சொற்களின் மேல் கண் வையுங்கள். மூன்றாவது கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கும். ஆனால் ஆழத்தை இவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள். நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

படி 4: மூல ஆவணத்தைத் திறந்து பாருங்கள்

இந்தப் பயிற்சியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஆவணம் இருக்கும்: அறிக்கை, தீர்ப்பு, மசோதா, ஆய்வுக் கட்டுரை. அதை நாம் படிக்க முடியாது, படித்தாலும் புரியாது என்று நாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை ‘குழு 1’ பட்டியலில் சேர்த்தது. புகையிலையும் அதே பட்டியலில் இருக்கிறது. ‘சிகரெட் அளவுக்கு ஆபத்து’ என்று உலகமெங்கும் தலைப்புகள் ஓடின. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கேள்வி-பதில் குறிப்பைத் திறந்தால் கதையே வேறு. புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது. ஆபத்தின் அளவை அது சொல்வதில்லை. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான ஆபத்து 18 சதவீதம் கூடும் என்கிறது குறிப்பு. ஆயிரம் பேரில் 50 பேருக்கு அந்த நோய் வரும் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், அது 59 ஆகும். பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள், புகையிலையால் சுமார் 10 லட்சம் என்ற மதிப்பீடும் அதே குறிப்பில் இருக்கிறது. படித்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிடம், பயந்துபோய் உட்கார்ந்திருப்பதற்கும் புரிந்துகொண்டு முடிவெடுப்பதற்கும் நடுவே நிற்கிறது.

எப்படித் தொடங்குவது? முழு அறிக்கையைத் தொடாதீர்கள். சுருக்கம் ஒன்று பெரும்பாலும் இருக்கும், அதை மட்டும் படியுங்கள். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகள் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு நீளும். ஆனால் கொள்கை வகுப்பவர்களுக்கான சுருக்கத்தை ஒரே நாளில் படித்துவிடலாம். பிறகு சொற்களின் வரையறையைத் தேடுங்கள். அந்த அறிக்கைகளில் ‘வாய்ப்புள்ளது’ என்றால் குறைந்தது 66 சதவீதம், ‘மிகவும் வாய்ப்புள்ளது’ என்றால் குறைந்தது 90 சதவீதம் என்று பொருள். டிவியில் இரண்டுமே ‘இருக்கலாமாம்’ என்று ஒலிக்கும். கடைசியாக, தலைப்பில் வந்த எண்ணை ஆவணத்துக்குள் தேடி, அதன் முன்னும் பின்னும் உள்ள பத்திகளைப் படியுங்கள். எண் எங்கே திரிந்தது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் உலாவியிலுள்ள மொழிபெயர்ப்பு வசதியைப் பயன்படுத்தலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: எண்களையும், ‘இல்லை’, ‘தவிர’ என்று வரும் வாக்கியங்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். இயந்திரம் அந்த இடங்களில்தான் வழுக்குகிறது.

படி 5: ஆழமாக எழுதுபவர்களில் இரண்டு பேர்

ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முடியாது, விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். 2011-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ‘தி கான்வர்சேஷன்’ தளத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தங்கள் துறையைப் பற்றி எழுதுகிறார்கள். யாரிடம் நிதி பெறுகிறார்கள், எந்த நிறுவனத்தோடு தொடர்பு என்பதையும் கட்டுரையோடு வெளியிட வேண்டும். எண்களும் வரைபடங்களும் வேண்டும் என்றால் ‘அவர் வேர்ல்டு இன் டேட்டா’. ஒவ்வொரு வரைபடத்தோடும் தரவு எங்கிருந்து வந்தது என்று கொடுத்திருப்பார்கள்.

புலனாய்வுக்கு அமெரிக்காவின் ‘புரோபப்ளிகா’, புலனாய்வுப் பத்திரிகையாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐசிஐஜே ஆகிய இரண்டும் இருக்கின்றன; இரண்டும் லாப நோக்கமற்றவை. வெளிநாட்டு நிறுவனங்கள் வழியே செல்வத்தை மறைத்து வைத்தவர்களைக் காட்டிக்கொடுத்த, ஐசிஐஜே 2016-ல் வெளியிட்ட பனாமா ஆவணங்கள் நினைவிருக்கும். 1.15 கோடிக் கோப்புகளை 370-க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் ஓராண்டு உட்கார்ந்து படித்தார்கள். அந்த ஓராண்டும் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. பொறுமை என்பது செய்தித் தொழிலில் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று அது.

உங்கள் பொருளுக்கு ஏற்ற இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறியாத தளம் என்றால் அதன் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தோடு நிற்காதீர்கள், தன்னைப் பற்றி யாரும் குறைத்துச் சொல்வதில்லை. புதிய தாவலைத் திறந்து, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உண்மை சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் செய்வது இதைத்தான். தவறு நேர்ந்தால் திருத்தம் வெளியிடுகிறார்களா என்பதையும் பாருங்கள். ஒரு திருத்தம்கூட இல்லாத தளத்தை நான் நம்புவதில்லை.

படி 6: எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள்

பேஸ்புக்கோ யூடியூபோ தருவதைப் படித்தால், எதைப் படிப்பது என்பதை அவையே முடிவு செய்யும். அதைத் தவிர்க்க ஆர்எஸ்எஸ் (RSS) என்ற பழைய, நல்ல வழி இருக்கிறது: ஒரு தளத்தில் வரும் புதிய பதிவுகளை ‘ஓடை’யாக (feed) உங்கள் செயலிக்கே கொண்டுவரும் தொழில்நுட்பம். 1999-ல் வந்தது, இன்றும் வேலை செய்கிறது. ஃபீட்லி அல்லது இனோரீடர் செயலியை நிறுவி இலவசக் கணக்குத் தொடங்குங்கள். தேடல் பெட்டியில் தளத்தின் முகவரியை இட்டால், ஓடை இருந்தால் காட்டும். ‘பின்தொடர்’ என்பதை அழுத்துங்கள். முகமைக்கு ஒரு கோப்புறை, ஆழமான கட்டுரைகளுக்கு ஒரு கோப்புறை. பதிவுகள் வந்த நேர வரிசையில் நிற்கும், எதுவும் உங்களைத் துரத்தாது. ஓடை இல்லாத தளங்களுக்கு மின்னஞ்சல் மடல் இருக்கும், அதில் பதிவு செய்யுங்கள்.

உடனே செல்பேசியின் அமைப்புகளுக்குப் போய், செய்திச் செயலிகளின் அறிவிப்புகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். ‘சற்றுமுன்’ என்று வரும் எதுவும் மாலைவரை காத்திருக்கும்.

படி 7: பார்க்கத்தான் பிடிக்கும் என்றால்

பார்ப்பதில் தவறில்லை, எதைப் பார்க்கிறோம் என்பதே கேள்வி. அமெரிக்கப் பொது ஒளிபரப்பில் 1975-ல் ராபர்ட் மேக்நீல் தொடங்கி, ஜிம் லேரரோடு சேர்ந்து நடத்திய நிகழ்ச்சி, ஓர் இரவின் அரை மணி நேரத்தையும் ஒரே செய்திக்குக் கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்த ‘பிபிஎஸ் நியூஸ்அவர்’ இன்று யூடியூபில் கிடைக்கிறது. காதால் கேட்பது வசதி என்றால் பிபிசி உலக சேவையின் ‘தி இன்க்வொயரி’, ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு துறை வல்லுநர்களிடம் போகிறது.

படி 8: முப்பதாவது நாள்

எதையும் திறக்காமல், அந்த மாதப் பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். முதல் மூன்று நாளில் எழுதிய பக்கத்தை அதன் அருகில் வையுங்கள். இப்போதும் சில இடங்கள் காலியாகத்தான் இருக்கும். அவற்றை அடுத்த பக்கத்தில் கேள்விகளாக எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாம் மாதம் அங்கிருந்து தொடங்குகிறது. அந்த மாதத்தில் உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்த தளம் எதுவோ, முடிந்தால் அதற்குச் சந்தா கட்டிவிடுங்கள். நிருபரைக் களத்துக்கு அனுப்பக் காசு வேண்டும்.