எஃப்எம்ஆர்ஐ படங்களை ஒரே வெளிக்குக் கொண்டுவரும்போது

பெங்களூரில் மூளை ஸ்கேன் தரவோடு மல்லுக்கட்டும் தம்பி தங்கைகளுக்கு: எஃப்எம்ஆர்ஐ படத்தை (மூளையின் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) நேராக எம்என்ஐ வார்ப்புக்கு (எல்லோருடைய படத்தையும் பொருத்திப் பார்க்கும் பொது மாதிரி மூளை) இழுக்காதீர்கள். முதலில் அதே ஆளின் டி1 படத்தோடு (மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் ஸ்கேன்) 6 அளவுருக்களில் (3 நகர்வு, 3 சுழற்சி) பொருத்துங்கள். பிறகு டி1-ஐ நேரியலற்ற முறையில், அதாவது இடத்துக்கு இடம் வேறுவேறாக வளைத்து, வார்ப்புக்குக் கொண்டுபோங்கள். இரண்டு உருமாற்றங்களையும் சேர்த்து ஒரே தடவை பிரயோகியுங்கள். ஏனென்றால் ஒவ்வொரு இடைச்செருகலும் (புதிய இடத்துக்கான மதிப்பைப் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிடுவது) படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும். படங்களைப் பொருத்தும் ஆன்ட்ஸ் (ANTs) மென்பொருளில், கட்டளையில் கடைசியாக எழுதிய உருமாற்றம்தான் முதலில் செயல்படும். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எண் கொடுத்த அட்லஸ் படத்துக்கு, அண்மை அண்டை முறை (மிக அருகிலுள்ள புள்ளியின் எண்ணையே எடுப்பது) போல எண்களைக் கலக்காத இடைச்செருகல் மட்டுமே. இல்லையென்றால் 12-க்கும் 14-க்கும் நடுவில் இல்லாத 13 முளைக்கும்.

எம்என்ஐ152 கனடாவின் மான்ட்ரியலில் எடுத்த ஸ்கேன்களின் சராசரி. இந்திய மூளைகள் சராசரியாக அதைவிடச் சிறியவை. பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் குழு 2020-இல் 6 முதல் 60 வயது வரைக்கான 5 இந்திய வார்ப்புகளை வெளியிட்டது. உள்ளூர் தரவுக்கு அதையும் போட்டுப் பாருங்கள்.

படத்திலிருந்து மண்டையோட்டை நீக்கியபின் கண்விழி மிஞ்சினால், பொருத்தும்போது மூளையின் முன்பகுதி கோணிக்கொள்ளலாம். ஒவ்வொருவரின் படத்தையும் வார்ப்பின் விளிம்புக்கோட்டோடு கண்ணால் சரிபாருங்கள், முக்கியமாக வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள்) ஓரங்களை.