மெருகேற்றிய மெக்னீசியம் மங்காமலிருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பந்தயக் கார்களில் இருந்த ஹாலிபிராண்ட் மெக்னீசியச் சக்கரத்தையோ, 1960-களின் மினிலைட் மெக்னீசியச் சக்கரத்தையோ பஃபிங் செய்து (சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றி) முடித்த அன்று பார்த்தால் அதில் முகம் பார்க்கலாம். காற்றில் ஈரம் மிகுந்த ஊரானால் சில நாட்களிலேயே அதன்மேல் சாம்பல் பூக்கத் தொடங்கிவிடும். மறுபடி பாலிஷ் போடுவார்கள், மறுபடி மங்கும். பாலிஷ் சரியில்லை என்று வேறு டப்பா வாங்குவார்கள். பெரும்பாலும் பாலிஷின் மேல் குற்றமில்லை. மெக்னீசியத்தை அலுமினியம் என்று எண்ணிப் பராமரிப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

ஆகவே முதல் வேலை, கையில் இருப்பது எந்த உலோகம் என்று உறுதி செய்துகொள்வது. இன்று கடைகளில் ‘மேக் வீல்’ (மெக்னீசியச் சக்கரம்) என்று விற்பவை அநேகமாக எல்லாமே அலுமினியக் கலவைதான். மெக்னீசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியத்துக்கு 2.70. அதே அளவுள்ள பாகத்தைத் தூக்கினாலே வித்தியாசம் கைக்குத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மெக்னீசியமானால் உடனே குமிழ் விட்டு நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். பார்த்தவுடன் அந்த இடத்தைக் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

இந்தச் சோதனையிலேயே அடுத்த தவறும் தெரிந்துவிடுகிறது. பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய நமக்கு, மங்கிய உலோகம் என்றாலே புளிப்புதான் நினைவுக்கு வரும். மெக்னீசியத்தின்மேல் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் படக் கூடாது. கடையில் கிடைக்கும் அமிலம் கலந்த வீல் கிளீனர் அவற்றைவிட மோசம். அலுமினியத்தைக் காரம் அரிக்கும். மெக்னீசியமோ காரத்தைத் தாங்கும், அமிலத்துக்கு இடம் கொடுத்துவிடும். மிதமான சோப்பு நீரில் கழுவினால் போதும். கழுவியதைத் தானாக உலரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். போல்ட் துளை, ஆரங்களின் மூலை, வால்வு அடி என்று நீர் தேங்கும் இடங்களில் எல்லாம் காற்றழுத்தக் குழாயால் ஊதி உலர்த்த வேண்டும். நீர் நின்ற இடம் வட்டமாக வெளுத்துவிட்டால் மறுபடி பாலிஷ் போடாமல் அது போகாது.

ஏன் இந்த உலோகம் இப்படி? காற்று பட்டவுடன் அலுமினியத்தின் மேலும் ஆக்சைடு படலம் உண்டாகிறது, மெக்னீசியத்தின் மேலும் உண்டாகிறது. 100 பங்கு கன அளவு அலுமினியம் ஆக்சைடாக மாறினால் அது ஏறக்குறைய 128 பங்கு இடத்தைப் பிடிக்கும். உலோகத்தை முழுக்க மூடிவிட்டு மீதமும் இருக்கும். மெக்னீசியத்தின் ஆக்சைடுக்கு 81 பங்குதான். நீளம் போதாத போர்வை அது, எங்காவது ஓரிடம் திறந்தே கிடக்கும். அந்த இடைவெளிகளில் ஈரமும் கரியமில வாயுவும் இறங்க, ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் சேர்ந்து நாம் பார்க்கும் சாம்பல் பூச்சாகின்றன. உப்பில் உள்ள குளோரைடு அந்த அரைகுறைப் படலத்தையும் கிழித்துவிடும். கடற்கரை ஊர்களிலும், பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் நாடுகளிலும் மெக்னீசியம் விரைவில் கெடுவது இதனால்தான். வெறுங்கையால் தொட்டாலும் இதே கதைதான். வியர்வையில் உப்பும் இருக்கிறது, லாக்டிக் அமிலமும் இருக்கிறது. பாலிஷ் முடிந்த பாகத்தைக் கையுறை இல்லாமல் தூக்கினால் விரல் ரேகை அப்படியே பதிந்து கறுத்துப்போகும்.

நான் பார்த்தவரையில் அதிகக் கேட்டைச் செய்வது இரும்பு. எஃகுக் கம்பி பிரஷ், ஸ்டீல் உல், நேற்று எஃகுப் பாகத்தைத் தேய்த்த அதே பஃபிங் சக்கரம் ஆகிய எல்லாம் மென்மையான மெக்னீசியத்தில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களைப் பதித்துவிட்டுப் போகும். மெக்னீசியத்தின் மின்முனை அழுத்தம் மைனஸ் 2.37 வோல்ட், இரும்புக்கு மைனஸ் 0.44; இரண்டும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் எண் கீழே இருக்கும் உலோகம்தான் அரியும். ஈரம் சேர்ந்தால் போதும், ஒவ்வொரு துகளும் ஒரு சின்ன மின்கலமாகிச் சுற்றியுள்ள மெக்னீசியத்தைத் தின்னத் தொடங்கும். முதலில் ஊசி முனை அளவு கரும்புள்ளி தெரியும். பிறகு அது வெள்ளைக் கொப்புளமாகும். கொப்புளத்தைச் சுரண்டினால் அடியில் குழி இருக்கும். எனவே மெக்னீசியத்துக்கென்று தனி பஃபிங் சக்கரம், தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். தேய்ப்பதற்கு அலுமினா அல்லது சிலிக்கன் கார்பைடு தாள், நைலான் பட்டை போதும்.

எஃகு போல்ட்டுகளும் இதே கேட்டைச் செய்பவைதான். பிஎம்டபிள்யூ தன் என்52 எஞ்சினில் மெக்னீசிய உறையை இணைக்க அலுமினிய போல்ட்டுகளையே பயன்படுத்தியது, கழற்றினால் புதியவற்றைத்தான் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பழைய சக்கரங்களில் எஃகு போல்ட் தவிர்க்க முடியாதது என்றால் அதற்கும் மெக்னீசியத்துக்கும் நடுவே தகுந்த அலுமினிய வாஷர் கொடுத்து, ஈரம் புகாத பசையும் பூச வேண்டும். அடிக்கடி கண்ணுக்குத் தப்பும் இடம் ஒன்று உண்டு. சமநிலைக்காக எஃகுக் கிளிப்பால் ரிம் ஓரத்தில் அடிக்கும் ஈயத் துண்டுதான் அது. சில மாதம் கழித்து அதைக் கழற்றிப் பாருங்கள்: பிறை வடிவில் வெள்ளைத் தூள் இருக்கும், தூளைத் துடைத்தால் நகம் சிக்கும் அளவு பள்ளம் இருக்கும். உள்பக்கத்தில் பெயின்ட் அடித்த பரப்பின்மேல் ஒட்டுகிற எடைகளே இதற்கு ஏற்றவை.

பாலிஷ் முடித்து, மறுநாள் மெழுகு பூசிக்கொள்ளலாம் என்று எடுத்து வைப்பதும் தவறு. புதிதாகத் திறந்த பரப்பு அந்த ஒரே இரவில் மாறத் தொடங்கிவிடும். பாலிஷின் எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்து, பாகத்தை லேசாகச் சூடாக்கி ஈரத்தைப் போக்கி, அந்தச் சூட்டோடு மெல்லிய மெழுகுப் பூச்சு இரண்டு முறை கொடுங்கள். நுண்படிக மெழுகு நல்ல தேர்வு. பிரேக் சூடும் சாலைத் தூசியும் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். ஓடும் காரானால் சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி பூசத்தான் வேண்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கிளியர் லேக்கர் (நிறமற்ற வார்னிஷ் பூச்சு) அடிப்பவர்கள் பலர். கண்ணாடிபோல் வழுவழுப்பான பரப்பில் லேக்கர் சரியாகப் பிடிக்காது. ஒரு கல் தெறித்துச் சிறு துளை விழுந்தால் அதன்வழி நீர் உள்ளே போய், பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல் வெள்ளை இழைகள் ஓடும். லேக்கர் முழுவதையும் உரிக்காமல் அதைச் சரிசெய்ய வழியில்லை. முறையான பாதுகாப்பு வேண்டுமென்றால் முதலில் குரோமேட் போன்ற வேதிப்பூச்சு, அதன்மேல் எபாக்சி, பிறகு பெயின்ட். அந்த வேதிப்பூச்சு பொன்னிறமோ பழுப்போ ஆக்கிவிடும், பளபளப்பு போய்விடும். அன்றாடம் மழையில் ஓடும் காருக்கு அதையே செய்யுங்கள் என்பேன். கண்ணாடி மெருகு காட்சிக் காருக்கு இருக்கட்டும். குரோமேட்டில் புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிற குரோமியம் இருப்பதால் வீட்டில் முயலாமல் அதற்கான பட்டறையில் கொடுக்க வேண்டும்.

தேய்க்கும்போது விழும் தூளைச் சாதாரணக் குப்பையாக நினைக்காதீர்கள். தீப்பொறி பட்டால் அது எரியும், எரியும் மெக்னீசியத்தில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வெளிவந்து தீ பெருகும். 1955 லு மான் பந்தய விபத்தில் மெக்னீசியக் கலவை உடல் கொண்ட மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் எரிந்தபோது, தண்ணீர் அந்தத் தீயை இன்னும் மூர்க்கமாக்கியது. பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும். அதே இடத்தில் எஃகைக் கிரைண்டரால் அறுக்காதீர்கள். ஈரமான தூளை மூடிய டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், உள்ளே வாயு சேரும்.

பாகத்தைக் கழற்றி வைப்பதானால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுவது, ஈரம் உறிஞ்சிய அட்டைப் பெட்டியில் போடுவது இரண்டும் வேண்டாம். மெழுகு பூசி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

ஏற்கெனவே ஆழமாகக் குழி விழுந்த சக்கரத்தை மெருகேற்ற உட்காருமுன் நிறமூடுருவிச் சோதனை (கீறலுக்குள் சாயத்தை இறங்கவிட்டு அதை வெளிக்காட்டும் முறை) செய்து கீறல் உண்டா என்று பாருங்கள். குழியை மறைக்கத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் உலோகம் மெலிகிறது, பஃபிங் மெழுகு கீறலுக்குள் புகுந்து அதை அடைத்தும்விடும். அதனால் சோதனை பாலிஷுக்கு முன்பே நடக்க வேண்டும். கீறல் தெரிந்தால் அந்தச் சக்கரத்தைச் சுவரில் மாட்டலாம், காரில் மாட்டக் கூடாது.