சென்னைக்குப் படிக்க வரும் நம்மவர்களுக்கு: "பாத்துக்கலாம்" என்றால் அனுமதி இல்லை

யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் சென்னைக்குப் படிக்க வரும் தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். ஒரே மொழிதானே, எல்லாம் விளங்கும் என்று நினைத்துத்தான் நாங்களும் வந்து இறங்கினோம்.

முதல் அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசா 180 நாட்களுக்கு மேற்பட்டது என்றால், வந்து 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவுக்கான இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையத்தளத்தில் பதிய வேண்டும். அதற்கு, நீங்கள் அங்கே படிப்பதாகக் கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழும், நீங்கள் தங்கியிருப்பதை விடுதியோ வீட்டுக்காரரோ பதிந்து தரும் படிவமும் வேண்டும். உயர்தரப் பரீட்சைச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கையோடு கொண்டு வாருங்கள். பாடம் தவறினால் இங்கே அதற்கு அரியர் என்று பெயர். ஆய்வு மாணவர்கள் எழுத்துத் திருட்டு பற்றிய யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளைக் கட்டாயம் வாசியுங்கள். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல் தொடங்கும். சரி, இதையெல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்லித் தருவார்கள்.

அட்டெண்டன்ஸ் பற்றித்தான் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

போன வருடம் என் அறைத்தோழியின் அம்மம்மா தவறிவிட்டார். அவளை வளர்த்ததே அவர்தான். 31ஆம் நாள் அந்தியேட்டி வரை நிற்காமல் எப்படித் திரும்புவது? துறைத்தலைவரிடம் நேரில் போய்ச் சொன்னாள். அவரும் மனம் இளகி, "போயிட்டு வாம்மா, பாத்துக்கலாம்" என்றார். எங்கள் ஊரில் சேர் "சரி பிள்ளை" என்றால் அலுவல் முடிந்தது. அந்த நம்பிக்கையில் மீனம்பாக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் ஏறினாள்.

அந்தக் காரியம் முடித்து வந்தபோது 27 வகுப்பு நாட்கள் போயிருந்தன. விசா தாமதத்தால் தொடக்கத்தில் தவறவிட்ட 5 நாட்களையும் சேர்த்தால் 32. பருவத்துக்கு 90 நாட்கள். மிஞ்சியது 58, அதாவது 64 சதவீதம். தேர்வு எழுத 75 வேண்டும். 65க்கு மேல் இருந்தால் காரணத்துக்கு ஆதாரம் காட்டி, கட்டணம் கட்டி எழுத அந்தக் கல்லூரி விதியில் இடமுண்டு, கண்டோனேஷன் என்பார்கள். 65க்குக் கீழே அதுவும் கிடையாது. ஹால் டிக்கெட் அவளுக்கு வரவில்லை. துறைத்தலைவர் மனதறிந்து ஏமாற்றவில்லை, ஆனால் விதியைத் தளர்த்தும் அதிகாரம் அவர் கையில் இல்லை. ஒரே ஒரு நாள் முந்தி வந்திருந்தால் 65ஐத் தாண்டியிருப்பாள். எண்ணிப் பார் என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அதனால் வந்த முதல் வாரமே, நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய ரெகுலேஷன்ஸை, அதாவது படிப்பு, தேர்வு விதிகளை, வாங்கி வாசியுங்கள். சீனியருக்குப் பொருந்திய விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். வருகையைப் பாடவாரியாகக் கணக்கிடுகிறார்களா, மொத்தமாகவா என்று பாருங்கள். கைத்தொலைபேசியிலேயே நாட்களைக் குறித்து வையுங்கள்.

ஊருக்குப் போவதானால் வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதி, அதன் கீழ் "வழி: துறைத்தலைவர்" என்று போட்டு, அவருடைய கையொப்பம் வாங்குங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கல்லூரி அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை கேளுங்கள். "எதுக்கும்மா இதெல்லாம்" என்று கேட்பார்கள். அங்கேயே நில்லுங்கள், முத்திரை விழும் வரைக்கும் நகராதீர்கள். பொய் மருத்துவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள். அவளிடமும் வந்தார்கள், அவள் வாங்கவில்லை. அதில் எனக்குப் பெருமை.

இப்போது ஜூனியர்களோடு அதே பருவத்தைத் திரும்பப் படிக்கிறாள். படிப்பு நீண்டதால் புது போனஃபைட் வாங்கி விசாவையும் நீட்ட வேண்டியிருந்தது. அடுத்த மாதம் அம்மம்மாவின் ஆட்டைத் திவசம், முதலாம் வருட நினைவு. மூன்றே நாட்கள் போய் வருகிறாள். பலாலி டிக்கெட்டோடு, நீல முத்திரை விழுந்த கடிதப் பிரதியும் அவள் பைலில் இருக்கிறது.