மூன்று திரவம், ஒரு குத்தி

உயர்தர இரசாயனவியலில் 'ஏன்' என்று எதைக் கேட்டாலும் 'ஐதரசன் பிணைப்பு' (ஒரு மூலக்கூறின் ஐதரசன் பக்கத்து மூலக்கூறை இழுத்துப் பிடிப்பது) என்று எழுதிவிட்டு வருகிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினியில் இதைச் செய்து பாருங்கள். தண்ணீர், பாமசியில் விற்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட் (இதில் பெரும்பங்கு எதனோல்), தேங்காய் எண்ணெய், ஊசி இல்லாத சிரிஞ்சு மூன்று, பத்து ரூபாய்க் குத்தி ஒன்று போதும். கேஸ் அடுப்பை அணைத்துவிடுங்கள், ஸ்பிரிட் ஆவி சட்டென்று பற்றும்.

முதலில் குத்தியின் மேல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விளிம்பு வரை வந்த பிறகும் வழியாமல் உப்பிக்கொண்டு நிற்கும். பிறகு குத்தியைத் துடைத்து ஸ்பிரிட்டையும் எண்ணெயையும் தனித்தனியே இப்படி விட்டுப் பாருங்கள், இரண்டும் தண்ணீரை விடச் சீக்கிரம் வழிந்துவிடும். மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளை உள்ளே இருப்பவை இழுத்துப் பிடிக்கின்றன, அதுதான் மேற்பரப்பு இழுவிசை. 25 பாகை செல்சியசில் தண்ணீருக்கு அது மீற்றருக்கு 72 மில்லிநியூற்றன், எதனோலுக்கு 22தான். எதனோலிலும் ஐதரசன் பிணைப்பு உண்டு, ஆனால் மூலக்கூறின் மறுபக்கம் வெறும் காபன் வால்; தண்ணீர் மூலக்கூறோ நான்கு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கூடியது.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, சொட்டுகளை எண்ணி ஒப்பிடாதீர்கள், ஒரே அளவு சிரிஞ்சிலும் ஸ்பிரிட் சொட்டு தண்ணீர்ச் சொட்டை விடச் சின்னது, அதுவும் அதே இழுவிசையால்தான், ஆகவே சிரிஞ்சில் உள்ள மில்லிலீற்றர் கோட்டைப் பார்த்துக் குறியுங்கள். மற்றது சவர்க்காரம். நான் முதல் தடவை குத்தியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டு அரைகுறையாக அலசினேன், தண்ணீர் கொஞ்சத்திலேயே வழிந்தோட, அரை மணித்தியாலம் சிரிஞ்சைத் திட்டிக்கொண்டிருந்தேன். சவர்க்கார மூலக்கூறுகள் மேற்பரப்பில் போய் நெருக்கியடித்து நின்றால் இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

சரி, இப்போது ஒரு தட்டைச் சாய்த்து வைத்து மூன்றிலும் ஒவ்வொரு சொட்டு. எண்ணெய்தான் கடைசியாக ஊர்ந்து வரும். குத்தியில் தண்ணீரிடம் தோற்ற அதே எண்ணெய்! அதன் மூலக்கூறுகளுக்கிடையே ஐதரசன் பிணைப்பே கிடையாது, இருப்பது பெரும்பாலும் லண்டன் விசைதான், எந்த மூலக்கூறுகளுக்கிடையிலும் இருக்கிற மெல்லிய ஈர்ப்பு. (லண்டன் ஊரின் பெயரல்ல, 1930இல் இதை விளக்கிய பௌதிகவியலாளர் பிரிட்ஸ் லண்டனின் பெயர்.) ஒரு மூலக்கூறில் மூன்று நீளச் சங்கிலி, இவற்றில் கிட்டத்தட்டப் பாதி 12 காபன் கொண்ட லோரிக் அமிலத்தினுடையவை, நீளம் முழுக்க அந்தச் சின்ன விசை தொட்டுக்கொண்டே போகிறது. தும்பு மாதிரி, தனித் தும்பைக் கையால் அறுக்கலாம், கயிறாகத் திரித்தால் முடியாது. ஆகவே பிசுக்குமையை, அதாவது திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பைக் கேட்கும் வினாவுக்குப் பிணைப்பின் வகையை மட்டும் எழுதிவிட்டு வந்தால் பாதி விடைதான், மூலக்கூறின் நீளத்தையும் எழுத வேண்டும்.

மூன்றாவது, ஆவியாதல். காற்றாடியை நிறுத்திவிட்டுத் தட்டில் ஒவ்வொரு சொட்டு விட்டு நேரம் பாருங்கள். 78 பாகையில் கொதிக்கிற எதனோல் முதலில் போகும், அப்புறம் தண்ணீர், எண்ணெய் மறுநாளும் அங்கேயே இருக்கும். கொழும்பில் மழை நாளில் செய்தால் தண்ணீர் போக ரொம்பப் பொறுக்க வேண்டும், ஏற்கனவே காற்றில் ஈரம் நிறைய.

மிச்ச எண்ணெயைக் கொட்டவேண்டாம். அது உருகுவது 24 பாகையளவில், அதனால்தான் வெள்ளவத்தையில் தெளிவாக இருக்கிற போத்தல் குளிரான நுவரெலியாவில் வெள்ளையாக உறைந்து நிற்கிறது. சின்னக் கிளாசில் ஊற்றி பிரிட்ஜில் வைத்து, பத்து நிமிடத்துக்கொரு தடவை எடுத்துச் சாய்த்துப் பாருங்கள்.