பறவைக் கூண்டுக் கம்பியில் செய்யக்கூடாத தவறுகள்

கிளி இனப் பறவைகள் கம்பியில் ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே தெரியும், அலகுதான் அவற்றுக்கு மூன்றாவது கால். கம்பியைக் கவ்விப் பிடித்து உடலை இழுத்த பிறகே காலை எடுத்து வைக்கும். சும்மா இருக்கும் நேரத்திலும் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். ஆக, கூண்டின் ஒவ்வொரு கம்பியும் நாள் முழுக்க அதன் வாயில்தான் இருக்கிறது. கூண்டு கட்டுபவர்கள் பலர் இதை யோசிப்பதில்லை. பறவை தப்பிக்காமல் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இதனால் நடக்கும் பெரிய தவறு, புது ஜி.ஐ. வலையைக் கடையிலிருந்து கொண்டுவந்து அப்படியே மாட்டுவது. துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக் கம்பிமேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள். புது வலையில் அந்தப் பூச்சின் பொடியும், சொட்டு விழுந்து உறைந்த துணுக்குகளும் ஒட்டியிருக்கும். பறவை அவற்றைப் பெயர்த்து விழுங்கும். வயிற்று அமிலத்தில் துத்தநாகம் கரைந்து இரத்தத்தில் கலக்கும். கூண்டு மாற்றிய சில நாட்களிலோ வாரங்களிலோ பறவை இறகை உப்பிக்கொண்டு சோர்ந்து உட்காரும், தின்றதைக் கக்கும், அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீர்த்துப்போகும். முற்றினால் கால் தடுமாறும், வலிப்பு வரும். புது இடம் பழகவில்லை என்று நினைத்துக் காத்திருப்பது ஆபத்து. உடனே பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கூண்டு புதுசு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் சீக்கிரம் நடக்கும். உலோகத்தை உடலிலிருந்து வெளியேற்ற மருந்து உண்டு, ஆனால் நேரம் முக்கியம்.

சரி, ஜி.ஐ. வலையே கூடாதா? அப்படியில்லை. கம்பியைக் கடிக்காத ஃபிஞ்ச் போன்ற சிறு பறவைகளுக்கு, நன்றாகச் சுத்தம் செய்த ஜி.ஐ. வலை பெரும்பாலும் போதும். வினிகர் தொட்டு, முரட்டு பிரஷால் இரண்டு பக்கமும் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். அப்புறம் சில வாரம் வெயிலிலும் மழையிலும் கிடக்கட்டும். வினிகரிலேயே ஊறவைத்தால் பூச்சு கரைந்து துரு ஏறிவிடும். வெல்டு செய்த பிறகு பூச்சு கொடுத்த வலையில் இணைப்புகளும் மூடியிருப்பதால் நாள்பட உழைக்கும். ஆனால் மூலைகளில் துத்தநாகம் கட்டி கட்டியாக நிற்கும். அதைத் தட்டி, அரத்தால் ராவி எடுக்காமல் விடக்கூடாது. கழுவினால் ஆபத்து குறையுமே தவிர முழுவதும் போய்விடாது. பெரிய கிளிகளுக்கு என் பரிந்துரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டுமே.

காந்தம் வைத்துப் பார்த்து முடிவு செய்பவர்களும் உண்டு. ஜி.ஐ. கம்பியின் உள்ளே இருப்பது இரும்பு, காந்தம் ஒட்டத்தான் செய்யும். மேலே என்ன பூசியிருக்கிறது என்பதை அது சொல்லாது. வலைமேல் பெயின்ட் அடித்து மறைப்பதும் தீர்வாகாது. கிளி பெயின்டையும் சேர்த்து உரித்துத் தின்னும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உடைந்த கம்பியை ஒட்டப் பயன்படுத்தும் சால்டரிலும் ஈயம் இருக்கலாம். ஈயம் துத்தநாகத்தைவிடக் கொடிய நஞ்சு. பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைத்த பூச்சு) கொடுத்த கூண்டு நல்லதுதான், பூச்சு பெயராமல் இருக்கும்வரை.

அடுத்தது கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஃபிஞ்ச், பட்ஜி என்ற சிறு கிளி போன்றவற்றுக்கு 12 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கொண்டை வைத்த, பட்ஜியைவிடப் பெரிய காக்கட்டீலுக்கு 16 மில்லிமீட்டர் வரை சரி. தலை நுழைகிற சந்தில் உடல் நுழையாது. பயந்து இழுக்கும்போதுதான் கழுத்து சிக்குகிறது. குவிமாடக் கூண்டுகள் பார்க்க அழகு. ஆனால் உச்சியில் கம்பிகள் நெருங்கிச் சேரும் இடத்தில் விரலும் அலகும் மாட்டிக்கொள்ளும், அதனால் எனக்கு அவை பிடிப்பதில்லை. கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண்ணிலும் பலர் ஏமாறுகிறார்கள்: எண் கூடக் கூடக் கம்பி மெலிசாகும். 22 கேஜைவிட 16 கேஜ்தான் தடிமன்.

வெளியில் ஏவியரி, அதாவது பறவைகள் பறந்து திரியும் பெரிய கூண்டு கட்டினால் இன்னொரு கவலை சேர்ந்துகொள்ளும். உள்ளிருப்பது வெளியே போவதைவிட, வெளியிலிருப்பது உள்ளே வருவதே பெரிய பிரச்சினை. அறுகோணக் கண் கொண்ட கோழி வலை கோழியைத் தடுக்கும், எலியையோ பாம்பையோ தடுக்காது. அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் (கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வெல்டு செய்த வலை) பெருச்சாளியை நிறுத்தும். சுண்டெலிக் குட்டி அதிலும் நுழையும். அதனால் சிந்திய தீனியை இரவில் விட்டுவைக்கக் கூடாது. பூனையும் வல்லூறும் வலையைப் பிய்க்கத் தேவையே இல்லை, வலையில் தொற்றியிருக்கும் பறவையின் காலை வெளியிலிருந்தே பற்றி இழுத்துவிடும். இரண்டு அடுக்கு வலை போட்டு, நடுவே 5 சென்டிமீட்டராவது இடைவெளி விட்டால் இது நடக்காது. தரை சிமென்டாக இல்லையென்றால், வலையை 30 சென்டிமீட்டர் ஆழம் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடக்கிவிடுங்கள். தோண்டி வரும் பிராணி அந்த மடிப்பில் முட்டி நிற்கும். ஆள் நுழையும் ஏவியரிக்கு இரட்டைக் கதவு கட்டாயம்: ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும்.

வலையை வெட்டிய முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பழைய பனியன் துணியை உள்பக்கமாகத் தேய்த்துப் பாருங்கள். துணி சிக்கும் இடத்தில்தான் விரலும் கண்ணிமையும் கிழியும். மேலே தூக்கித் திறக்கும் சிறு கதவுகளைக் கிளிகள் எளிதில் தூக்கக் கற்றுக்கொள்ளும், பாதி தூக்கியதும் கழுத்தில் விழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப் மாட்டுங்கள். அந்தக் கிளிப்பும், பொம்மை தொங்கும் கொக்கியும், மணியும், வாஷரும் எந்த உலோகம் என்று பாருங்கள். நிறையச் செலவழித்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூண்டு வாங்கிவிட்டு, துத்தநாகம் பூசிய மலிவுக் கொக்கியில் பொம்மையைத் தொங்கவிடுபவர்கள் நிறையப் பேர். கிளி முதலில் கடிப்பதும் அந்தக் கொக்கியைத்தான்.