திருகோணமலையில சோலார் ஹீட்டருக்கு ஆன்ட்டிஃப்ரீஸ் ஊத்துறவை கவனிக்க

சீசன் தொடங்க முதல் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்காரர் கூரையில சோலார் ஹீட்டர் ஏத்துவினம், புதுசா வேலை பழகுற பெடியள் ஒரு கையில ஸ்பேனர், மற்றக் கையில போன்ல கனடா வீடியோ. நாங்களும் இப்பிடித்தான் பழகினது, திட்டவும் ஏலாது. ஜொயின்ட் ஒழுகிறது, வயர் மாத்திக் குடுக்கிறதெல்லாம் போகப்போகச் சரிவரும், அதை விடுங்கோ. நான் சொல்ல வந்தது அந்த வீடியோவைப் பாத்து ஆன்ட்டிஃப்ரீஸ், அதாவது தண்ணி உறையாமக் கலக்கிற மருந்து, ஊத்துறதைப் பற்றி.

குளிரே இல்லாத இடத்தில குளிருக்கு மருந்து

தண்ணி உறையிறது 0 பாகையில. இங்க மார்கழி மழை ராத்திரியில கூட 20க்குக் கீழ இறங்கிறது அபூர்வம், கன்னியாவில நிலத்துக்குள்ளால சும்மாவே சுடுதண்ணி வாற ஊர் இது. நுவரெலியாவில தை மாசம் புல்லில உறைபனி விழும், அங்க வேலை எடுத்தா யோசிக்கலாம். கனடாவில கூரையில நிக்கிற பனலுக்குள்ள தண்ணி குளிர்காலத்தில உறையும், வீட்டுக்குள்ள ஹீட்டிங் ஓடினாலும் கூரைக்கு உதவாது, அதாலதான் அங்க அதை ஊத்துறது. எங்கட பக்கம் மூடின லூப், அதாவது பனலுக்கும் டாங்குக்கும் இடையில சுத்துற தனிப் பைப், வைக்கிறது குளிருக்கில்லை, கிணத்துத் தண்ணிக்கு. அது பனலுக்குள்ள போனா கல்லுப் பிடிச்சு அடைபடும், அதாலதான் பனலுக்குள்ள வேற தண்ணி சுத்துது, குளிக்கிற தண்ணி டாங்குக்குள்ள இருக்கிற காயிலால (சுருள் பைப்பால) சூடாகுது.

கார் கூலண்ட் ஊத்துறது

இதை நினைச்சா இப்பவும் பத்திக்கொண்டு வரும். நிலாவெளியில ஒரு இடம், லூப் பிரஷர் கிழமைக்குக் கிழமை இறங்குது, பூட்டின தம்பி வந்து வந்து ஆன்ட்டிஃப்ரீஸெண்டு காருக்கு விடுற பச்சைக் கூலண்ட் கான் கானா ஊத்திட்டுப் போறான், கூரையிலயும் நிலத்திலயும் ஒரு சொட்டு ஈரமில்லை, அப்ப எங்க போகுதெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நான் போய் சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து வெள்ளை வாளியில பிடிச்சன், லேசாப் பச்சை. காயில்ல ஊசி ஓட்டை. குசினிப் பெடியன் கேத்தலுக்குப் பிடிக்கிறதும் அதே பைப்பிலதான்.

தண்ணித் தாங்கி 3 மீற்றர் உயரத்தில நிண்டா பிரஷர் கிட்டத்தட்ட 0.3 பார், லூப்பில 1.5 பார், ஓட்டை விழுந்தா எந்தப் பக்கம் தள்ளும்? மெயின் லைன் பிரஷர் கூடின நாடுகளில மறுவளமா நடக்கும், வீடியோவைப் பாத்து வேலை செய்யிறவைக்கு இது விளங்காது. கார் கூலண்டில இருக்கிறது அனேகமா எத்திலீன் கிளைக்கோல், இனிக்கும், ஆனா நஞ்சு, கிட்னியைப் பழுதாக்கும். டாங்க் மாத்தி, கூலி குடுத்து, அறையளும் பூட்டிக் கிடந்து, முதலாளிக்குப் போன காசில இன்னொரு ஹீட்டரே வாங்கியிருக்கலாம். தம்பியைக் கேட்டா, "கலர் இருந்தா லீக் தெரியுமெண்டுதான் அண்ணை" எண்டான். தெரிஞ்சுதுதான், தேத்தண்ணியில.

உண்மையா உறையிற இடமெண்டா புரொப்பிலீன் கிளைக்கோல், அதுவும் சோலாருக்கெண்டு வாறது. இங்க பற்றிக்கு விடுற வடிச்ச தண்ணியும், ஹீட்டர் கொம்பனி சொல்லுற துரு மருந்தும் காணும்.

கூட ஊத்தினா நல்லமெண்டு நினைக்கிறது

இல்லை. கிளைக்கோல் கூடக்கூட தண்ணி சூட்டைக் காவுறது குறையும்.

கிணத்துத் தண்ணியால லூப்பை நிரப்புறது

பிறகு லூப் எதுக்கு?

ஊத்திப்போட்டு மறக்கிறது

ஆக்கள் குளிக்காட்டியும் வெயில் நிக்காது, சூட்டை எடுக்க ஆளில்லாட்டி வக்யூம் டியூப் (கண்ணாடிக் குழாய்ப் பனல்) 200 பாகையைக் கூட எட்டும், கிளைக்கோல் கருகிப் புளிச்சு செம்பை அரிக்கும். ஏற்கனவே ஊத்தின இடமெண்டா வருசத்துக்கொருக்கா கொஞ்சம் எடுத்து புளிப்புப் பாக்கிற பிஎச் பேப்பர் விட்டுப் பாருங்கோ, 7க்குக் கீழ இறங்கி மண்ணிறமா நாறினா முழுக்கத் திறந்துவிட்டுக் கழுவோணும், கிணத்தடியில மட்டும் ஊத்தாதேங்கோ. அறை காலியாக் கிடக்கிற நாளில பனலைப் படங்கால மூடிவிடுங்கோ, விடியக் காலமையே ஏறி மூடோணும், வெயில் ஏறினாப்பிறகு தொட்டா கை வெந்துபோகும்.