ஓப்பன்இசட்எஃப்எஸ் சேமிப்பகத்துக்கு நிர்வாக, கண்காணிப்புக் கருவிகள் எழுதும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பேற்றிருந்த ஒரு சர்வரில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, சேமிப்பகத்தின் நிலையைச் சொல்லும் ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ கட்டளையை ஓட்டி, பழுது தென்பட்டால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு வட்டுப் பெட்டியைச் சர்வருடன் இணைக்கும் கேபிள் தளர்ந்து, பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்த சேமிப்புத் தொகுப்பான பூல் முழுவதும் இடைநிறுத்த நிலைக்குப் போய்விட்டது. ஸ்கிரிப்ட் ஓட்டிய கட்டளை திரும்பி வரவே இல்லை. கட்டளை திரும்பாததால் மின்னஞ்சலும் போகவில்லை. திங்கள்கிழமை காலையில் பார்த்தபோது அதே ஸ்கிரிப்டின் நானூறு பிரதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அஞ்சல் வராததை நலம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டதுதான் பிழை. அன்றிலிருந்து நான் எழுதும் எந்தக் கண்காணிப்புக் கருவியிலும் ‘நலம்’, ‘பழுது’ ஆகிய இரண்டுடன் ‘தெரியவில்லை’ என்ற மூன்றாம் நிலை கட்டாயம் இருக்கும். இந்த வழிகாட்டியில் வரும் பெரும்பாலான முறைகள் அந்த மூன்றாம் நிலையை ஒட்டியவையே.

இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 2001இல் உருவாகத் தொடங்கி, 2005இல் ஓப்பன்சோலாரிஸ் வழியாகத் திறமூலமாக வெளிவந்தது. 2013இல் ஓப்பன்இசட்எஃப்எஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது; 2020இல் வந்த 2.0 பதிப்பு லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டுக்குமான மூலநிரலை ஒன்றாக்கியது. கருவி எழுதுபவருக்கு இந்த வரலாறு ஒரு காரணத்துக்காகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே கட்டளைகள் இரு இயங்குதளங்களிலும் இருந்தாலும், உள்நிலைப் புள்ளிவிவரங்கள் லினக்ஸில், கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தன் தகவலைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பகத்தின் வழியாகவும் ஃப்ரீபிஎஸ்டியில் சிஸ்சிடிஎல் கட்டளை வழியாகவும் கிடைக்கின்றன. இங்கே நான் லினக்ஸையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி, தகவலை எந்த வாயில் வழியாக எடுப்பது என்பது. சி மொழியில் எழுதுபவர்களுக்கு லிப்இசட்எஃப்எஸ் என்ற நூலகம் உடனே கண்ணில் படும். அதன் இடைமுகம் நிலையானது என்று யாரும் உறுதி தருவதில்லை. பதிப்பு மாறும்போது செயற்கூறுகளின் வடிவமும் மாறலாம். நிலையாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் எழுதப்பட்டது லிப்இசட்எஃப்எஸ்-கோர் என்ற சிறிய நூலகம். ஆனால் பூலின் நிலையை அறிய அது போதாது. ஆகவே பெரும்பாலான கருவிகளுக்கு, கட்டளைகளை ஓட்டி அவற்றின் வெளியீட்டைப் படிப்பதே சரியான வழி என்பது என் முடிவு. மனிதர் படிப்பதற்கான வெளியீட்டை வெட்டி ஒட்டிப் படிக்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனை மட்டும் அதற்கு உண்டு.

‘இசட்பூல் லிஸ்ட்’ கட்டளையுடன் பெரிய எழுத்து எச் சுவிட்சை (கட்டளையின் நடத்தையை மாற்றும் எழுத்தை)ச் சேர்த்தால் தலைப்பு வரி நீங்கி, புலங்கள் டேப் எழுத்தால் மட்டும் பிரிக்கப்படும். சிறிய எழுத்து பி சுவிட்சைச் சேர்த்தால் ‘1.5டி’ போன்ற சுருக்கங்களுக்குப் பதிலாக முழு பைட் எண்ணிக்கை வரும். சிறிய எழுத்து ஓ சுவிட்சால் தேவையான புலங்களைப் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டால், அடுத்த பதிப்பில் புதிய நெடுவரிசை சேர்ந்தாலும் கருவி குழம்பாது. 2025 ஜனவரியில் வந்த 2.3 பதிப்பிலிருந்து, அதிகம் பயன்படும் கட்டளைகள் சிறிய எழுத்து ஜே சுவிட்சுடன், நிரல்கள் எளிதாகப் படிக்கும் ஜேசன் வடிவிலும் வெளியீடு தருகின்றன. வட்டுகளின் மர அமைப்பைச் சிரமமின்றிப் படிக்க முடிவதால் ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ கட்டளைக்கு இது பெரிய விடுதலை. ஜேசன் வெளியீட்டின் தொடக்கத்தில் அதன் வடிவத்துக்கான பதிப்பு எண் இருக்கும். அதை முதலில் படித்து, அறியாத பெரும்பதிப்பாக இருந்தால் ‘தெரியவில்லை’ என்று அறிவித்துவிட்டு நிற்கும்படி எழுதுங்கள். ஒவ்வொரு பூலுக்கும் ஒவ்வொரு வட்டுக்கும் இருக்கும் ஜியுஐடி என்ற தனி அடையாளம் 64 பிட் எண் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் தன் வழக்கமான எண் வகையில் 53 பிட்டுக்கு மேல் முழு எண்களைத் துல்லியமாக வைத்திருப்பதில்லை. டாஷ்போர்டில் அதை எண்ணாக மாற்றினால் கடைசி இலக்கங்கள் திரிந்து, இல்லாத வட்டை இருப்பதாகக் காட்ட நேரும்; எப்போதும் சரமாகவே கையாளுங்கள்.

இனி, கட்டளை தொங்கிப் போகும் சிக்கலுக்கு வருகிறேன். பூலுக்கு ஃபெயில்மோட் என்ற பண்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு ‘வெயிட்’. வட்டுகள் போதிய அளவில் எட்டாமல் போனால் எழுதும் பணிகள் எல்லாம் காத்திருக்கும் நிலைக்குத் தள்ளப்படுகின்றன; நிலையைக் கேட்கும் கட்டளையும் அதே பூட்டில் சிக்கிக்கொள்ளக்கூடும். ‘டைம்அவுட்’ கட்டளைக்குள் வைத்து ஓட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் கர்னலுக்குள் குறுக்கிட முடியாத உறக்கத்தில் இருக்கும் செயல்முறையைக் கில் சமிக்ஞையாலும் முடிக்க இயலாது. ஆகையால் மூன்று ஏற்பாடுகளைச் சேர்த்தே செய்ய வேண்டும். கருவியின் முதன்மைச் செயல்முறை நேரடியாகக் கட்டளைக்காகக் காத்திருக்காமல், பிள்ளைச் செயல்முறையை அனுப்பிவிட்டு இருபது விநாடியில் பதில் வராவிட்டால் தன் போக்கில் ‘தெரியவில்லை’ என்று அறிவிக்க வேண்டும். முந்தைய பிள்ளை இன்னும் முடியவில்லை என்றால் புதியதை அனுப்பாதபடி ஒரு பூட்டுக் கோப்பு இருக்க வேண்டும். இவை இரண்டுக்கும் முன்பாக, ப்ராக் கோப்பகத்தில் எஸ்பிஎல், கேஸ்டாட், இசட்எஃப்எஸ் என்று இறங்கி, பூலின் பெயரிலுள்ள கோப்பகத்துக்குள் இருக்கும் ‘ஸ்டேட்’ கோப்பைப் படிக்க வேண்டும். ‘ஆன்லைன்’, ‘டிக்ரேடட்’, ‘சஸ்பெண்டட்’ போன்ற ஒரே சொல்தான் அதில் இருக்கும். பூல் இடைநிறுத்தப்பட்டிருக்கும்போதும் தொங்காமல் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கோப்பு சேர்க்கப்பட்டது. என் பழைய ஸ்கிரிப்ட் இந்த ஒரு கோப்பைப் படித்திருந்தால் அந்தச் சனிக்கிழமை இரவே செய்தி வந்திருக்கும்.

எண்களைச் சேகரிக்கும்போது அவற்றின் பொருளையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ‘இசட்பூல் ஐஓஸ்டாட்’ தரும் முதல் வரி, பூல் ஏற்றப்பட்ட நேரத்திலிருந்து இன்றுவரையிலான சராசரி. அதை இந்த விநாடியின் வேகம் என்று வரைபடத்தில் போட்டால் எப்போதும் தட்டையான கோடுதான் கிடைக்கும். சிறிய எழுத்து ஒய் சுவிட்ச் அந்த வரியைத் தவிர்க்கும். ஏஆர்சி எனப்படும் நினைவகத் தற்காலிகச் சேமிப்பின் விவரங்கள் ‘ஆர்க்ஸ்டாட்ஸ்’ கோப்பில் இருக்கின்றன. ‘ஹிட்ஸ்’ (தேடிய தரவு அங்கே கிடைத்த முறைகள்), ‘மிஸ்ஸஸ்’ (கிடைக்காத முறைகள்) இரண்டும் தொடக்கத்திலிருந்து ஏறிக்கொண்டே போகும் எண்கள் என்பதால், இரண்டு வாசிப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கொண்டே விகிதம் கணக்கிட வேண்டும். லினக்ஸின் ‘ஃப்ரீ’ கட்டளை ஏஆர்சி பிடித்திருக்கும் நினைவகத்தை ‘பயன்பாட்டில்’ என்றே கணக்கிடும். பொதுவான நினைவக எச்சரிக்கையை இசட்எஃப்எஸ் சர்வரில் அப்படியே வைத்தால் காரணமின்றி ஓயாமல் அலறும். ஃப்ராக் என்ற நெடுவரிசை கோப்புகள் சிதறிக் கிடப்பதைக் குறிப்பதன்று. மீதமுள்ள காலி இடம் எவ்வளவு சிறு துண்டுகளாக இருக்கிறது என்பதையே அது சொல்கிறது.

இட அளவில் இன்னும் கவனம் தேவை. வட்டு பழுதானாலும் தரவை மீட்க உதவும் பாரிட்டி என்ற கூடுதல் தகவலை வட்டுகளில் பரப்பி வைக்கும் ரெய்டு-இசட் அமைப்பில் ‘இசட்பூல் லிஸ்ட்’ காட்டும் காலி இடத்தில் பாரிட்டிக்குப் போக வேண்டிய பங்கும் அடங்கியிருக்கும். ‘இசட்எஃப்எஸ் லிஸ்ட்’ காட்டுவது பயனர் உண்மையில் எழுதக்கூடிய தோராய அளவு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள். ஒரு கணத்தின் நிலையை அப்படியே பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டின் ‘யூஸ்டு’ மதிப்பு அந்த ஒன்று மட்டுமே பிடித்துவைத்திருக்கும் இடம். அடுத்தடுத்த இரண்டு ஸ்னாப்ஷாட்டுகள் பகிர்ந்துகொள்ளும் 40 ஜிபி எதன் கணக்கிலும் தெரியாது. இரண்டையும் நீக்கினால்தான் அது விடுபடும்.

வட்டுகளின் ரீட், ரைட், செக்சம் (தரவு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) பிழை எண்ணிக்கைகள் நிரந்தரமானவை அல்ல. ‘இசட்பூல் க்ளியர்’ அவற்றைச் சுழியாக்கும். சர்வரை மறுதொடக்கம் செய்தாலும் சுழியாகிவிடும். மாதம் ஒருமுறை மூன்று செக்சம் பிழை காட்டும் வட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்ததுபோல் தெரியும். அதுபோல ஸ்டேட்டஸ் வெளியீட்டின் ‘ஸ்கேன்’ வரியில் கடைசியாக நடந்த ஒரு வேலை மட்டுமே இருக்கும்; ஸ்க்ரப் (பூலின் எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்த்தல்) முடிந்தபின் ஒரு ரீசில்வர் (மாற்றிய அல்லது பின்தங்கிய வட்டில் தரவை மீண்டும் நிரப்புதல்) நடந்தால் ஸ்க்ரப் நடந்த நாள் அந்த வரியிலிருந்து மறைந்துபோகும். ஆகவே உங்கள் கருவி இவற்றைத் தன் சொந்தப் பதிவேட்டில், வட்டின் ஜியுஐடியோடு சேர்த்து, தேதியிட்டு எழுதி வைக்க வேண்டும். கோப்பு முறைமை மறந்துவிடும் செய்தியை நினைவில் வைத்திருப்பதற்குத்தான் தனிக் கருவி தேவைப்படுகிறது என்றுகூடச் சொல்வேன்.

அந்தப் பதிவேட்டுக்குச் செய்தி தர இசட்ஈடி என்ற நிகழ்வுப் பின்னணிச் சேவை ஏற்கெனவே இருக்கிறது. ஈடிசி கோப்பகத்தின் கீழுள்ள இசட்எஃப்எஸ் கோப்பகத்தில் ‘இசட்ஈடி.டி’ என்ற துணைக் கோப்பகம் இருக்கும். அதில் நீங்கள் வைக்கும் ஸ்கிரிப்டின் பெயர் ‘ஸ்க்ரப்_ஃபினிஷ்’ அல்லது ‘ஸ்டேட்சேஞ்ச்’ என்று தொடங்கினால் அந்த வகை நிகழ்வுக்கு மட்டும் ஓடும். ‘ஆல்’ என்று தொடங்கினால் எல்லாவற்றுக்கும் ஓடும். பூலின் பெயர், நிகழ்வின் வகை, வரிசை எண் ஆகியவை ‘இசட்ஈவென்ட்’ என்று தொடங்கும் சூழல் மாறிகளில் வந்து சேரும். ஸ்கிரிப்ட் ரூட் பயனருக்கு உரியதாக, மற்றவர் திருத்த முடியாததாக, இயக்க அனுமதியுடன் இருக்க வேண்டும். இல்லையென்றால் இசட்ஈடி அதைப் பொருட்படுத்தாது. அந்த ஸ்கிரிப்டுக்குள் மின்னஞ்சல் அனுப்புதல், இணையச் சேவையை அழைத்தல் போன்ற நீண்ட வேலைகளைச் செய்யாமல், ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு முடித்துவிடுங்கள். நிகழ்வுகளை மட்டுமே நம்பவும் கூடாது. கர்னலில் அவற்றுக்கான வரிசை அளவுக்குட்பட்டது. வட்டு பழுதாகிப் பிழைகள் வெள்ளமாக வரும்போது சில விடுபடலாம். நிகழ்வு உடனே எழுப்பட்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நடக்கும் நேரடி வாசிப்பு அதைச் சரிபார்க்கட்டும்.

சேகரித்ததை ப்ரொமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்குக் கொடுப்பதென்றால், சர்வரின் அளவுகளை அதற்குத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரிலேயே இசட்எஃப்எஸ் சேகரிப்பான் ஒன்று உண்டு. அதில் இல்லாதவற்றை உரைக்கோப்புச் சேகரிப்பான் வழியாகச் சேர்க்கலாம். கோப்பை நேரடியாக எழுதாமல், அதே கோப்பகத்தில் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துப் பெயர் மாற்றுங்கள். பாதி எழுதிய கோப்பு படிக்கப்படும் அபாயம் இராது. வாசிப்பு கடைசியாக வெற்றி பெற்ற நேரத்தையும் ஓர் அளவாகத் தவறாமல் வெளியிடுங்கள்.

நிர்வாகக் கருவி வேறு வகை. பார்ப்பதில் தவறினால் செய்தி தாமதமாகும். அழிப்பதில் தவறினால் தரவு திரும்பாது. பழைய ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கும் ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டாசெட்டின் (பூலுக்குள் தனியாக நிர்வகிக்கப்படும் கோப்பு முறைமையின்) பெயரை ஒரு மாறியிலும், ‘அட்’ குறியுடன் சேர்ந்த ஸ்னாப்ஷாட் பெயரை இன்னொரு மாறியிலும் வைத்து, இரண்டையும் ஒட்டி, சிறிய எழுத்து ஆர் சுவிட்சுடன் ‘இசட்எஃப்எஸ் டெஸ்ட்ராய்’ கட்டளைக்குக் கொடுத்திருப்பதாகக் கொள்வோம். ஏதோ காரணத்தால் இரண்டாவது மாறி காலியானால், கட்டளை ஸ்னாப்ஷாட்டை விட்டுவிட்டு டேட்டாசெட்டையே அதன் கிளைகளோடு சேர்த்து அழிக்க முனையும். முழுப் பெயரில் ‘அட்’ குறி சரியாக ஒருமுறை இருக்கிறதா, அதன் இரு பக்கமும் காலியில்லாமல் இருக்கிறதா என்று பாராமல் அந்தக் கட்டளையைக் கூப்பிடும் வழியே உங்கள் நிரலில் இருக்கக் கூடாது. அடுத்து, என், வி, பி ஆகிய சிற்றெழுத்துச் சுவிட்சுகளுடன் அதே கட்டளையை ஓட்டினால் எவை அழியும், எத்தனை பைட்டு விடுபடும் என்று எதையும் தொடாமலே சொல்லிவிடும். அந்தப் பட்டியலை நிர்வாகிக்குக் காட்டி ஒப்புதல் பெற்றபின் அழிப்பதே கருவியின் இயல்பான நடையாக இருக்கட்டும். பழைய ஸ்னாப்ஷாட்டின் நிலைக்குத் திரும்பும் ‘ரோல்பேக்’ கட்டளையை ஆர் சுவிட்சுடன் கொடுத்தால் இடையிலுள்ள புதிய ஸ்னாப்ஷாட்டுகள் அழிந்துபோகும் என்பதையும் அதே திரையில் சொல்லுங்கள். ஸ்னாப்ஷாட்டுகளை வரிசைப்படுத்த அவற்றின் பெயரிலுள்ள தேதியை நம்பாமல் அவை உருவானபோதைய பரிவர்த்தனைத் தொகுதியின் வரிசை எண்ணான ‘க்ரியேட்டிஎக்ஸ்ஜி’ என்ற பண்பைப் பயன்படுத்துங்கள். கடிகாரம் பின்னோக்கிப் போனாலும் அது மாறாது.

உரிமைகளைப் பொறுத்தவரை, ‘இசட்எஃப்எஸ் அலோ’ வழியாகக் குறிப்பிட்ட டேட்டாசெட்டில் ஸ்னாப்ஷாட் எடுக்கும் உரிமையை மட்டும் ஒரு சேவைப் பயனருக்குத் தரலாம். கண்காணிக்கும் பகுதியையும் மாற்றம் செய்யும் பகுதியையும் வெவ்வேறு பயனர்களின் கீழ் ஓட்டுங்கள்.

சோதனைக்கு உண்மையான வட்டு வேண்டியதில்லை. ‘ட்ரங்கேட்’ கட்டளையால் 512 எம்பி அளவில் மூன்று கோப்புகளை உருவாக்கி, அவற்றின் முழுப் பாதையைக் கொடுத்து ரெய்டு-இசட் பூல் ஒன்றை அமைக்கலாம். அதன் இடத்தில் பெரும்பகுதியைத் தரவால் நிரப்பிவிட்டு, ‘டிடி’ கட்டளையால் ஒரு கோப்பின் நடுப்பகுதியில் 50 எம்பி குப்பையைக் கொட்டுங்கள். கோப்பின் நீளத்தைக் குறைக்காத ‘நோட்ரங்க்’ விருப்பம் அவசியம். ஒவ்வொரு வட்டின் தொடக்கத்தில் இரண்டும் இறுதியில் இரண்டுமாக 256 கேபி அளவுள்ள நான்கு அடையாளப் பகுதிகள் இருப்பதால், இரு முனைகளிலும் சில எம்பி விட்டுவிடுங்கள். பிறகு ஸ்க்ரப் ஓட்டினால், செக்சம் நெடுவரிசையில் எண் ஏறுவதையும், பாரிட்டியிலிருந்து தரவு தானே சீராவதையும், உங்கள் கருவி அதை எத்தனை விநாடியில் கண்டுகொள்கிறது என்பதையும் பார்க்கலாம். இடைநிறுத்த நிலையைச் சோதிக்க ‘இசட்இன்ஜெக்ட்’ என்ற கருவி வட்டுப் பிழைகளைச் செயற்கையாக உண்டாக்கும். அதைத் தனி மெய்நிகர் இயந்திரத்தில் மட்டுமே செய்யுங்கள். தொங்கிய பூலை விடுவிக்கப் பெரும்பாலும் மறுதொடக்கம் தேவைப்படும்.

இவை எல்லாம் தேறியபின் கடைசியாக ஒரு சோதனை மீதமிருக்கும். பூலைத் தொடாமல், கண்காணிப்புக் கருவியின் சேவையை மட்டும் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். கடைசி வெற்றிகரமான வாசிப்பின் நேரம் பழையதாகிவிட்டதைப் பார்த்து, வேறொரு கணினியிலிருந்து பத்து நிமிடத்துக்குள் எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் கருவியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.